ஜாடைப் பேச்சும் தேன்பெட்டியும்

அந்த வீட்டில் மாமியார் மருமகனோடு பேசமாட்டார். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிடுவார், அவனிடம் மட்டும் சொல்லமாட்டார். சுவரிடம் சொல்வார், தண்ணீர்க் குழாயிடம் சொல்வார், ஒருமுறை உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்திடமே சொன்னார். "செருப்பைக் கழட்டினா ஜோடியா கழட்டணும்னு சிலருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல போல" என்று அவர் வாசல் கதவைப் பார்த்துச் சொன்னால், மாடியிலிருந்து அவன் இறங்கி வந்து செருப்பைச் சேர்த்து வைத்துவிட்டுப் போவான். கதவு செருப்பு போடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். ஒரு முழு வார்டை ஒற்றைப் புருவத்தால் ஆண்டவர். பெரிய டாக்டர்களே அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்களாம். மகள் கல்யாணமாகி, புருஷனையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டு மாடிக்கே குடிவந்த அன்று, வாசலில் நின்று வரவேற்கத்தான் செய்தார். மகளைப் பார்த்து, "வந்தவங்களை உள்ள வரச் சொல்லு" என்றார். நாலு வருஷமாக மருமகன் அந்த "வந்தவங்க"ளாகவே இருந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் பிழைப்பே திட்டு வாங்குவதுதான். ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. மாடி அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், முகம் தெரியாத ஜனங்களெல்லாம் அவனை நேருக்கு நேர் வறுத்தெடுப்பார்கள். ஐஸ் உருகினாலும் திட்டு, உறைந்தாலும் திட்டு. "மன்னிக்கணும் மேடம், உங்க கோபம் எனக்குப் புரியுது" என்று நாள் பூராவும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினால், சொந்த மாமியார் அவனைத் தாண்டி அலமாரியிடம் பேசிக்கொண்டிருப்பார். ஊரே திட்டுகிறது, இவர் ஒருத்தர் நேராகத் திட்டினால் குறைந்தா போய்விடுவார் என்று அவனுக்கு ஆற்றாமை. வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் அவனுக்கு அது நிஜமாகவே வலித்தது.

கடைசியில் பொறுத்துப் பார்த்து, தனியாக ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டான். இரண்டே அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவறைக் குழாய். ஆனால் அந்தக் குழாய் யாரையும் ஜாடை பேசாது. வீட்டுக்காரர் இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, விஷயத்தைக் கேட்டு, மடித்து வைத்த புடவையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அண்ணன் ஏற்கெனவே கோபித்துக்கொண்டு வெளியூர் போய், அம்மாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் இருக்கிறான். இப்போது இவளும் கிளம்பினால் அம்மா ஒண்டியாகிவிடுவார்.

"நீங்க கூப்பிட்டா வர்றேங்க" என்றாள். "ஆனா அழுதுட்டேதான் வருவேன். பரவாயில்லையா?"

"உங்கம்மா என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், நான் எங்கேயும் போகல."

"என்ன வார்த்தை?"

"என்ன வேணா இருக்கட்டும். கழுதைன்னாகூடச் சரி."

இந்த லட்சணத்தில்தான் அந்த வீட்டுக் கொல்லைக்குத் தேனீக்களும் வந்து சேர்ந்திருந்தன. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேனீ கூடு கட்டிவிட்டது என்று ஒருநாள் ஒருவர் புகார் செய்தார். கம்பெனி அதற்கெல்லாம் பொறுப்பேற்காது என்று இவன் பணிவாகச் சொல்ல, "பொறுப்பேத்துக்கச் சொல்லலைங்க, தேனீ சூட்டுல கஷ்டப்படுது, ஃபிரிட்ஜை எப்படி அணைக்கிறதுன்னு கேட்டேன்" என்றார் அவர். அந்த மனிதர்தான் தேன் மாஸ்டர். பஸ் ஓட்டி ஓய்ந்து, இப்போது தேன்பெட்டி விற்பவர், பெட்டி வாங்குகிறவர்களுக்கு அரை நாள் வகுப்பும் நடத்துகிறவர். தேன் கிடைத்தால் மாமியாருக்கு ஒரு பாட்டில் கொடுக்கலாம், பாட்டிலை வாங்கும்போதாவது ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டுப் போய்ச் சேர்ந்தான்.

வகுப்பில் பாதி நேரம் டீ குடித்தார்கள். மீதி நேரத்தில் ராணி எது, வேலைக்காரத் தேனீ எது, தின்றுவிட்டுச் சும்மா திரிகிற ஆண் தேனீ எது என்று மாஸ்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். ஆண் தேனீயைப் பார்த்ததும் நம் ஆளுக்கு என்னவோ போல் இருந்தது. நடுவில் குடித்த டீ வேலையைக் காட்டியதில் அவன் கொஞ்ச நேரம் எழுந்து கழிவறைக்குப் போய்வந்தான். அந்த நேரத்தில் மாஸ்டர் மிக முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தார். அது என்ன என்று பின்னால் பார்க்கத்தான் போகிறோம்.

பெட்டி வந்தது. கொல்லையில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நல்ல வெயில் விழும் இடம் ஒன்று இருந்தது. அங்கே மாமியாரின் பிரம்பு நாற்காலி கிடந்தது. நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்தான். "உக்காந்திருந்தவங்களைக் கேக்காமலே நாற்காலிக்குக் கால் முளைச்சிருக்கு" என்று மாமியார் துணிக்கொடியிடம் சொன்னார்.

முதல் வாரமே அவன் வாங்கிய கொட்டுக்குக் குறைவில்லை. தேனீயை அடக்குகிற புகைக்கருவியில் புகை வரவில்லை, ஊதி ஊதி இவன் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. முகவலையை வெகு ஜாக்கிரதையாக இறுக்கிக் கட்டினான், கட்டிய பிறகுதான் ஒரு தேனீ உள்ளே இருப்பது தெரிந்தது. இமை வீங்கி ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து அன்றைய புகார்களைக் கேட்டான். ஆசை தாங்காமல் தினமும் மூடியைத் திறந்து பார்க்கவும் செய்தான். மாஸ்டர் போனில் சத்தம் போட்டார். "உங்க வீட்டுக் கூரையை தினம் ஒருத்தன் தூக்கித் தூக்கிப் பார்த்தா நீங்க குடியிருப்பீங்களாய்யா? ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கமே போகாதீங்க."

கொட்டிய முள்ளை அவன் இரண்டு விரலால் பிடித்துப் பிடுங்குவதைச் சமையலறையிலிருந்து பார்த்த மாமியார், ஜன்னல் கம்பியிடம் கடுகடுத்தார். "பிடுங்கினா முள்ளுல இருக்கிற பை அமுங்கி விஷம் பூரா உள்ள இறங்கும். நகத்தால பக்கவாட்டுல சுரண்டி எடுக்கணும். படிச்சவங்களுக்கு இதுகூடத் தெரியல." அவன் சுரண்டினான், முள் வந்தது. நன்றி சொல்லலாம் என்று நிமிர்ந்தால் ஜன்னலில் ஆள் இல்லை. கம்பிக்கா நன்றி சொல்ல முடியும்?

பிரச்சினை வெடித்தது விரிப்புகளால். மாமியாருக்கு உலகத்தில் பிடித்த பொருள் ஒன்று உண்டென்றால் அது வெள்ளை விரிப்பு. ஆஸ்பத்திரிப் பழக்கம். பளீரென்று துவைத்துக் கொடியில் காயப்போட்டால்தான் அவருக்கு விடிந்த மாதிரி இருக்கும். அந்த விரிப்புகள் முழுக்க இப்போது மஞ்சள் மஞ்சளாகச் சிறு கோடுகள்.

"யார் வீட்டுப் பிள்ளைங்களோ என் விரிப்புல ஆய் போயிருக்கு" என்று குழாயிடம் முறையிட்டார்.

அவன் மாடிப்படியில் நின்றபடி மனைவியிடம் உரக்கச் சொன்னான். "அது மகரந்தமா இருக்கும்னு சொல்லு."

"மகரந்தம் எது மலம் எதுன்னு பெட்பேன் தூக்கியே நரைச்சவளுக்குத் தெரியாதா? நீயே சொல்லு, குழாயே."

அவன் மேலே போய் மாஸ்டரிடம் போனில் ரகசியமாக விசாரித்துப் பார்த்தான். தேனீக்கள் பெட்டிக்குள் அசிங்கம் பண்ணாதாம், அவ்வளவு சுத்தக்காரிகளாம். கிளம்பி வெளியே வந்ததும்தான் முதல் காரியமாக அதை முடிக்குமாம். குழாய் சொன்னதுதான் சரி.

வாரக் கடைசிக்கு முந்தின நாள், மதியம். வாடகை வீட்டுக்காரருக்கு மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். எதற்கும் கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்து பார்ப்போமே என்று அவனுக்குத் தோன்றியது. மாமியார் உள்ளே கண்ணயர்ந்திருந்தார். அவன் பெட்டியை அப்படியே அலாக்காகத் தூக்கி, கொல்லையின் அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். ஒரு கொட்டுகூட விழவில்லை. தனக்குத் தானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

மாமியார் எழுந்து வந்து பார்த்தார். கொடிப் பக்கம் காலியாக இருந்தது. பிரம்பு நாற்காலியை இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டு, முக்காலியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தார். "பரவாயில்லையே, சொன்னா கேக்குற பெட்டியா இருக்கு" என்றார் கொடியிடம். நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஜாடையாகவாவது வந்த முதல் பாராட்டு. அவன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான்.

ஏறி உட்கார்ந்து முதல் அழைப்பை எடுத்தான். ஒருவர் கதவு சரியாக மூடாத கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தற்செயலாக ஜன்னல் வழியே கீழே பார்த்தான். மாமியாரைக் காணோம். நாற்காலி இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு மேகம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஹலோ, நான் பேசறது கேக்குதா இல்லையா?"

"கேக்குது சார். என் மாமியார் மேல தேனீ மொய்க்குது சார்."

"எல்லாரும் இப்படித்தான்யா ஏதாவது சாக்குச் சொல்றீங்க" என்றார் அவர்.

கீழே ஓடினான். நாற்காலி நிறையத் தேனீ. கைப்பிடியில், முதுகுச் சாய்வில், அவர் தோளில், கொண்டையில், மடியில். மேகத்துக்குள்ளே மாமியார் கண்ணை மூடிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் ஒரு கொட்டு விழுந்து சிவந்திருந்தது.

"அத்தை! அசையாதீங்க!"

அவர் உதடு மட்டும் லேசாகப் பிரிந்தது. "அசையறதுக்கு இங்க யாருக்குத் தைரியம் இருக்காம்" என்றார். அப்போதும் துணிக்கொடியிடம்தான்.

மாஸ்டருக்குப் போன் போட்டான்.

"பெட்டியை நகர்த்தினீங்களா? எப்போ? பட்டப்பகல்லயா? அட கடவுளே! மேயப் போன தேனீ பெட்டியைத் தேடி வராதுய்யா, இடத்தைத் தேடித்தான் வரும். நகர்த்தணும்னா ஒரு நாளைக்கு ஒரு முழம், இல்லேன்னா ஊரைத் தாண்டித் தூக்கிட்டுப் போயிடணும். எந்த முட்டாள்யா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்?"

"நீங்கதான் மாஸ்டர்."

"நான் இதைச் சொன்னேனே!"

"நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன்."

"சரி விடுங்க. பெட்டியைக் கொண்டுவந்து பழைய இடத்துலயே வைங்க. அதே உயரம், வாசல் அதே திசை. தானா உள்ள போயிடும்."

"அங்க எங்க மாமியார் உக்காந்திருக்காங்க."

"அப்போ அவங்க மேலயே வைங்க" என்று போனை வைத்துவிட்டார்.

முகவலையும் கையுறையும் மாட்ட நேரமில்லை. வெறுங்கையோடு பெட்டியைத் தூக்கிவந்தான். உள்ளே இருந்தவை ஒரே நாளில் இரண்டாவது தடவை வீடு குலுங்கிய கடுப்பில் அவன் கழுத்தைப் பதம் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து மாமியார் முன்னால் நின்றான். முக்காலியின் மேல் அவர் கால். காலை இறக்கச் சொன்னால் மடியில் இருப்பவை கிளம்பிவிடும்.

"அத்தை, இதைக் கொஞ்சம் மடியில வாங்கிக்கோங்க."

மாமியார் ஒரு கண்ணைத் திறந்தார். அந்தக் கண் கொடியைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தது.

"என்னது?"

நாலு வருஷமாக அவன் காத்துக்கிடந்த வார்த்தை அதுதான். இவ்வளவு சப்பையான வார்த்தையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனந்தப்பட நேரமும் இல்லை. தேனீக்கள் ஒதுங்க ஒதுங்க, பெட்டியை மெல்ல மெல்ல அவர் தொடையில் இறக்கினான். பாரம் முழுக்க அவர் மேல் விழாமல் எதிரே மண்டியிட்டு, இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டி வாசலில் நாலைந்து தேனீக்கள் வந்து நின்று, வாலைத் தூக்கி, இறக்கையை விசிற ஆரம்பித்தன. வீடு இங்கேதான் இருக்கிறது, வாங்க வாங்க என்று மற்றவர்களுக்கு வாசனை அனுப்புகிற வேலை அது. வகுப்பில் அந்தப் பாடத்துக்கு மட்டும் அவன் முழுசாக இருந்தான். தோளில் இருந்ததில் ஒன்று பறந்து வந்து உள்ளே போனது. அடுத்தது. அதற்கடுத்தது. கொண்டையில் இருந்தவைதான் வர மனசில்லாமல் கிடந்தன.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மாமியார் கேட்டார். மறுபடியும் அவனிடமே.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடும் அத்தை. கையைக் காட்டுங்க." ஒரு கையை மட்டும் உருவி, அவர் மணிக்கட்டு முள்ளை நகத்தால் சுரண்டி எடுத்தான். அவர் அதை மேற்பார்வை பார்த்தார்.

இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு தேன்பெட்டி அகலம்தான் இருந்தது. எழுந்து போகவும் முடியாது, திரும்பி எதையாவது பார்த்துப் பேசவும் முடியாது. இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று அவன் மனசைத் திடப்படுத்திக்கொண்டான்.

"அத்தை, நாங்க வேற வீடு பார்த்திருக்கோம்."

"தெரியும்."

"அவ சொல்லிட்டாளா?"

"மாடியில பேசினா கீழ கேக்கும். நான் கட்டின வீடு இது, எனக்குத் தெரியாதா?"

"அப்போ இதையும் கேட்டிருப்பீங்க. ஏன் அத்தை என்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறீங்க? என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுங்களேன். சுவருக்கு இருக்கிற மரியாதைகூடவா எனக்கு இல்ல?" குரல் உடைந்துவிட்டது. புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, சொந்தப் புகாரைச் சொல்ல இதுதான் முதல் தடவை.

மாமியார் வாசலில் நுழையும் தேனீக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வாய் நல்ல வாய் இல்ல" என்றார். "வார்டுல நாள் பூரா உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிடுச்சு. நோயாளிக்கு அது மருந்து. வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஆகல. என் பையன் ஒரு வியாபாரம் தொடங்கறேன்னு வந்து நின்னான். இது தேறாது, உனக்கு இதுக்குத் துப்பு இல்லன்னு முகத்துக்கு நேரா சொன்னேன். மறுநாளே பெட்டியைக் கட்டிட்டான்."

"வியாபாரம் தேறிச்சா அத்தை?"

"எங்க தேறிச்சு! அதனாலதான் இன்னும் வீட்டுப் பக்கம் வரல." அவர் கண் நிறைந்தது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை, கையில் இன்னும் தேனீ இருந்தது. "நீங்க குடிவந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தப் பிள்ளைகிட்ட மட்டும் நேரா வாயைக் கொடுக்கக் கூடாது. சுவரைத் திட்டினா சுவர் கோவிச்சுக்கிட்டுப் போகாதுல்ல? எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு."

நாலு வருஷமாக அவன் அவமானம் என்று சுமந்ததை, இந்த அம்மாள் நாலு வருஷமாக நாக்கைக் கடித்துக்கொண்டு காவல் காத்திருக்கிறார். யார் யார் மேல் கோபப்படுவது?

"அத்தை, திட்டு வாங்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. கண்டவன்கிட்ட எல்லாம் வாங்கறேன், உங்ககிட்ட வாங்கமாட்டேனா? நேராவே திட்டுங்க. நான் எங்கேயும் போகல."

"இப்போ சொல்லுவீங்க. கை பெட்டிக்கு அடியில மாட்டியிருக்கு."

"கையை எடுத்தாலும் போகல. இது சத்தியம்."

மாமியார் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ கேளுங்க. துவைச்ச துணிக்கு நேர் எதிர்ல கக்கூஸை வைக்கிற ஆளை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல."

"சரி அத்தை."

"பாதி வகுப்பு கேட்டுட்டு வந்து வளர்க்க இது என்ன மீசையா? உயிரு. குளிக்கப் போனா குழாயை மூடறதில்ல. மாடியில நாற்காலியை இழுத்தா கீழ என் மண்டைக்குள்ள இழுக்குது, தூக்கி வைக்கக் கூடாதா? அந்தத் தாடி உங்களுக்கு நல்லாவே இல்ல. என் பொண்ணு சொல்லமாட்டா, நான் சொல்றேன்."

திறந்துவிட்ட மடை. நாலு வருஷம் எத்தனையோ சுவருக்குப் பங்கு போட்டுக் கொடுத்ததெல்லாம் மொத்தமாக வந்துகொண்டிருந்தது. அவன் "சரி அத்தை, சரி அத்தை" என்று வாங்கிக்கொண்டே இருந்தான். "உங்க கோபம் எனக்குப் புரியுது" என்று பழக்க தோஷத்தில் ஒருமுறை வாயில் வந்துவிட்டது, அதற்கும் தனியாகத் திட்டு விழுந்தது. முட்டி மண்ணில் அழுந்தி மரத்துப்போயிற்று. கழுத்து வீங்கிக்கொண்டிருந்தது. கொண்டையிலிருந்த கடைசிக் கும்பல் ஒவ்வொன்றாக இறங்கி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கைத் தாண்டி உள்ளே போயிற்று. அவர் அதற்காகவும் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார், குரல் இறங்கி. "போன மழைக்காலத்துல எனக்கு மூச்சு முட்டின அன்னைக்கு, விடியற வரைக்கும் மாடிப்படியில உக்காந்து காவல் இருந்தீங்க. நான் தூங்கிட்டேன்னு நினைச்சிருப்பீங்க. தூங்கல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதைச் சுவர்கிட்ட சொல்ல வாய் வரல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு கையும் பெட்டிக்கு அடியில் இருந்ததால் கண்ணீர் அது பாட்டுக்கு மூக்கு நுனியில் வந்து நின்றது.

"மூக்கை உறிஞ்சாதீங்க, பெட்டி ஆடுது" என்றார் மாமியார். "எங்க விட்டேன்? ஆங், தாடி."

வேலை முடிந்து வந்த மனைவி, கீழ் வீட்டிலும் மாடியிலும் ஆளைக் காணாமல் கொல்லைக் கதவைத் திறந்தாள். அம்மா மடியில் தேன்பெட்டி. எதிரே புருஷன் மண்டி போட்டு, கழுத்தெல்லாம் வீங்கி, கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறான். கைப்பை தோளிலிருந்து நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அய்யோ! என்னம்மா இது? என்னங்க ஆச்சு?"

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குறுக்கே பேசாதே" என்றார். "நான் மாப்பிள்ளைகிட்ட பேசிட்டிருக்கேன்."